கொழிஞ்சாம்பாறை சொந்தங்கள் குழு: கயலின் பள்ளியும் மொழிச் சட்டமும்

குமார் (பொள்ளாச்சி): கேரளத்தில் தமிழ்ப் பிள்ளைகள் மீது மலையாளத்தைத் திணிக்கிறார்கள் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறையில் நம் கயல் படிக்கிற பள்ளியிலும் இதுதானா அத்தை? படித்ததும் இரத்தம் கொதிக்கிறது.

செல்வி அத்தை: சட்டம் புதியதல்ல கண்ணு. எல்லாப் பள்ளிகளிலும் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம் என்று 2017இலேயே வந்துவிட்டது. அப்போது காசர்கோட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் போராடினார்கள். கயல் மலையாளம் நன்றாகவே படிக்கிறாள். அதில் எனக்குக் குறையே இல்லை. தமிழ்வழி வகுப்புக்குக் கணக்கு எடுக்கத் தமிழ் தெரியாத ஆசிரியரை அனுப்பியிருக்கிறார்களே, அதுதான் வயிறு எரிகிறது. நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் புரியவில்லை. புரியவில்லை என்று அவரிடம் சொல்லவும் வழியில்லை. கேட்டால் தற்காலிக ஏற்பாடு என்கிறார்கள்.

குமார்: 1956இல் மொழிவழி மாநிலங்களாக நம்மைப் பிரித்ததிலிருந்தே இந்தக் கதைதான்.

பெரியப்பா: தம்பி, நம் கொழிஞ்சாம்பாறை இருக்கிற சித்தூர் வட்டம் அதற்கு முன்பும் கொச்சி சமஸ்தானத்தில்தான் இருந்தது. நம் பாட்டன் காலத்திலேயே இங்கே இரண்டு மொழியும் புழங்கின. பழைய கணக்கைத் தோண்டாதே. இன்றைக்குப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று பார்.

தேன்மொழி (ஓசூர்): குமார் அண்ணா, ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்குதான் பேசுகிறார்கள். தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய நம் தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறிப் பத்தாம் வகுப்பை எட்டியபோது, அந்தப் பிள்ளைகள் தமிழ்த் தேர்வை நினைத்துப் பயந்தார்கள். சிறுபான்மை மொழிப் பள்ளிகள் நீதிமன்றம் ஏறின. 2023இல் உச்ச நீதிமன்றம் தமிழ்த் தேர்விலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த விலக்கை மேலும் ஓராண்டு நீட்டித்தது. கயலுக்காக நாம் கேட்கிறதைத்தான் அவர்களும் கேட்டார்கள்.

குமார்: இரண்டும் ஒன்றா அம்மிணி? தமிழை ஒரு பாடமாகக்கூடப் படிக்காமல் இங்கே பள்ளிப் படிப்பையே முடிக்க முடிந்தது. அதற்காகத்தான் அந்தச் சட்டம் வந்தது.

தேன்மொழி: சரிதான், தமிழ் படிக்கட்டும். நான் தமிழ் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. தாய்மொழித் தேர்வுக்கு மதிப்பெண் இல்லாமல் போனால் எந்தப் பிள்ளை அதை அக்கறையாகப் படிக்கும்? கேரளத்தில் ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்று என்னால் பேச முடியாது.

பெரியப்பா: அவள் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் இரு பக்கமும் மொழியைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். ஆசிரியரைப் போடு என்றால் ஆளையே காணோம்.

செல்வி அத்தை: பிள்ளையின் படிப்பைப் பேசுங்கள். மனு எழுதுகிறேன். அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது. அதை முதல் வரியிலேயே போடப் போகிறேன்.

குமார்: மலையாளத்தில் எழுதித் தர ஆள் பிடிக்கட்டுமா?

பெரியப்பா: எதற்கு? கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. பதிலும் தமிழில் வர வேண்டும். செல்வி, தமிழிலேயே எழுது.

செல்வி அத்தை: அப்படியே செய்கிறேன் மாமா. மலையாளம் வேண்டாம் என்று ஒரு சொல்கூட மனுவில் இருக்காது. தமிழ்வழி வகுப்புக்குத் தமிழ் தெரிந்த ஆசிரியர், நிரந்தரப் பணியிடம், இந்த இரண்டு மட்டும். வகுப்பில் மலையாளம் பேசுகிற இரண்டு அம்மாக்களும் கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள்.

குமார்: கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள் அத்தை, இரவே தட்டச்சு செய்து தருகிறேன். அந்தச் செய்தியை வேறு குழுக்களுக்கு அனுப்பவில்லை.

தேன்மொழி: 350ஏ பிரிவைத் தமிழில் முழுதாக எழுதி அனுப்புகிறேன் அத்தை. இங்கே தெலுங்குப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதே தாளைக் கொடுக்கப் போகிறேன்.