கடைசி ஆளுக்குப் பின்னாடி வந்த ஒத்த லைட்டு: மார்ஷல் அண்ணனோட உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

விஷயம் பாதிப் பேருக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். நம்ம சாரிட்டி சைக்கிள் ரைடுக்கெல்லாம் பைக்ல பின்னாடியே காவலா வருவாரே மார்ஷல் அண்ணன், அவரு போன வாரம் தவறிட்டாரு. கேக்கறவங்க எல்லாரும் அதத்தான் மொதல்ல கேக்கறாங்க அதனால சொல்லிடறேன், ரோட்டுல இல்ல, ஆக்சிடென்ட் இல்ல. ராத்திரி படுத்தவரு காலைல எந்திரிக்கல, ஹார்ட்டுன்னு சொன்னாங்க. இத்தனை வருஷமா லாரிக்கும் நமக்கும் நடுவுல வண்டியப் போட்டு நின்ன மனுஷன் தூக்கத்துல போனாருங்கறது எனக்கு இன்னும் மண்டைல ஏறல.

வீட்டுக்குப் போனேன். ஹால்ல போட்டோ வெச்சிருந்தாங்க, பாத்துட்டு ஒரு செகண்டு தப்பான வீட்டுக்கு வந்துட்டோமோன்னு வாசலைத் திரும்பிப் பாத்தேன். சிரிக்காதீங்க. ஏழு வருஷப் பழக்கம், ஆனா ஹெல்மெட் இல்லாம அவரைப் பாத்தது ரெண்டு மூணு தடவ இருந்தா பெருசு. தலைல முடி இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது. குரல் தெரியும், அந்த வெளுத்துப்போன ஆரஞ்சு ஜாக்கெட் தெரியும், கிளட்ச் புடிக்கற கை கிளவுஸ்ல விரல் கிழிஞ்சு கறுப்பு டேப் சுத்தியிருக்கும் அது நல்லாவே தெரியும்.

நம்மகிட்ட இருக்கற ரைடு போட்டோ எல்லாம் தோண்டிப் பாத்துட்டேன், ஒன்னுலயும் ஆளு ஒழுங்கா விழல. கேமராக்காரன் முன்னாடி போற பத்து பேரத்தான எடுக்கறான். அதான் கேக்கறேன், அவரோட என்ன நடந்துச்சோ எழுதுங்க, பெருசா இருக்கணும்னு இல்ல, அவரு பொண்ணு படிக்கணும்னு கேட்டுச்சு. நீங்க ஒவ்வொருத்தரும் எழுதறத கீழ ஒன்னொன்னா போடறேன்.

*

நான் மார்ஷல் வேலைய கத்துக்கிட்டதே அவருகிட்டதான். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு ஜாலியா பைக்ல சுத்தறானுங்கன்னு தோணும். ஆறு பைக் இருந்தா மொத பைக் மொத ஜங்ஷன்ல நின்னுக்கும், கடைசி சைக்கிள் தாண்டற வரைக்கும் அங்கயேதான், அதுக்குள்ள ரெண்டாவது பைக் அடுத்த ஜங்ஷன்ல போய் நின்னிருக்கும், அப்புறம் மொத பைக் கிளம்பி அத்தனை சைக்கிளையும் தாண்டி முன்னாடி போய் மறுபடி நிக்கணும், தவளை தாவற மாதிரி நாள் பூரா இதே பொழப்பு. இதுல ஜங்ஷன் கூட பயம் இல்ல, அந்த ஓவர்டேக்தான் பயம். குழியப் பாத்து சைக்கிள்காரன் எப்ப ஒதுங்குவான்னு அவனுக்கே தெரியாது.

என் மொத நாள்ல நான் ஒவ்வொரு சைக்கிள் பக்கத்துலயும் போய் ஹாரன் அடிச்சேன். அடுத்த ஸ்டாப்புல கூப்புட்டு, "தம்பி, காதுகிட்ட அடிச்சா அவன் திரும்பிப் பாப்பான், தலை திரும்புனா ஹேண்டிலும் கூடத் திரும்பும், நேரா உன் வண்டிக்குள்ளதான் வருவான். தூரத்துலயே ஒரு சின்னதா குடு, அப்புறம் சத்தமில்லாம அகலமா சுத்திப் போ"ன்னாரு. அவ்ளோதான், திட்டல.

ஜங்ஷன்ல கார்க்காரன் கத்துனா நமக்கும் ஏறும்ல. அவரு அதுக்கும் ஒன்னு வெச்சிருந்தாரு. "நம்ம போலீஸ் இல்ல, கையில இருக்கறது கொடி மட்டும்தான், கெஞ்சித்தான் வாங்கணும்." கண்ணாடிகிட்ட குனிஞ்சு "ஒரு நிமிஷம் சார், இருபது பேர்தான்"னு சொல்லுவாரு. எம்பது பேர் வந்தாலும் இருபது பேர்தான்.

இன்னொன்னு. மேட்டுல கடைசி ஆளு ஆறு ஏழு கிலோமீட்டர் வேகத்துல போவாங்க, அந்த வேகத்துக்கு ஃபர்ஸ்ட் கியர்லயே வண்டி நிக்காது, பாதி கிளட்ச் புடிச்சே போகணும், காத்துல ஆறற இன்ஜின், காத்தே இல்லைன்னா என்ன ஆகும், கொதிக்கும். நான் அப்படியே ஓட்டி கிளட்ச் பிளேட்டைக் கருக்கினேன். அவரு நின்னுருவாரு, ஆளு ஒரு எரநூறு மீட்டர் போனதும் போய் சேந்துக்குவாரு, மறுபடி நிப்பாரு. அப்படிப் பண்ணியும் அவருக்கு வருஷத்துக்கு ஒரு பிளேட் போகும். ஒரு தடவ கூட பில்லு குடுத்ததில்ல.

*

அந்தக் கடைசி ஆளு நான்தாங்க.

அம்மாவுக்கு டயாலிசிஸ் ஓடிட்டிருந்த சமயம், கிட்னி நோயாளிகளுக்கு ஃபண்டு சேக்கற ரைடுன்னு கேட்டதும் யோசிக்காம நூறு கிலோமீட்டருக்குப் பேர் குடுத்துட்டேன். அதுக்கு முன்னாடி நான் அதிகமா ஓட்டுனது முப்பது. எழுவதாவது கிலோமீட்டர்ல மேடு, முட்டி வலி தாங்கல, எறங்கித் தள்ள ஆரம்பிச்சேன். பின்னாடி பைக் சத்தம் கேட்டுச்சு, டக்குனு நின்னு போச்சு. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டாரு. ஏன்ணா நிறுத்திட்டீங்கன்னு கேட்டதுக்கு, "சத்தம் கேட்டா வெரட்டற மாதிரி இருக்கும்ல மா"ன்னாரு.

வேன்ல ஏறிக்கறியான்னு கேட்டாரு, அது தப்பு இல்ல அசிங்கமும் இல்லன்னாரு, நான் மாட்டேன்னு தலையாட்டுனதும் திரும்பக் கேக்கவே இல்ல. சைக்கிளை ஒரு பார்வை பாத்துட்டு, "சீட்டு ரொம்பக் கீழ இருக்கு, அதான் முட்டி"ன்னு சொல்லி என்னை ஏறி உக்கார வெச்சு சைக்கிளைப் புடிச்சுக்கிட்டாரு. பெடலை அடியில கொண்டு வந்து குதிகாலை அது மேல வெக்கச் சொன்னாரு, அப்ப கால் நேரா நீளணுமாம், எனக்கு நல்லா மடங்கி நின்னுச்சு. ஆலன் கீ எடுத்து ரெண்டு விரக்கடை ஏத்துனாரு. பத்து நிமிஷத்துல ஏறி மிதிச்சேன். இப்பவும் யாரு புது சைக்கிள் வாங்குனாலும் நான் அந்தக் குதிகால் டெஸ்ட்டைத்தான் சொல்லிக் குடுக்கறேன்.

போய்ச் சேரும்போது ஃபினிஷ் லைன் ஆர்ச்சைக் காத்து எறக்கி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க, மெடல் தீந்துருச்சுன்னு ஒரு பையன் சொன்னான். அண்ணன் டேங்க் பேக்கைத் திறந்து ஒரு மெடலை எடுத்துக் குடுத்தாரு. காலைலயே ஒன்னு எடுத்து வெச்சுக்குவாராம், கடைசில வர்றவங்களுக்கு எப்பவும் இருக்காதுன்னு.

*

எல்லாரும் தங்கமான மனுஷன்னு எழுதறீங்க, என்னை அவரு நாலு பேர் முன்னாடி கிழி கிழின்னு கிழிச்சாரு, அதையும் எழுதணும்ல.

எதிர்க்காத்து அன்னிக்கு. நான் அப்ப ஸ்பீடு பைத்தியம். மார்ஷல் பைக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டா காத்தே தெரியாது, நாப்பத்தஞ்சுல சும்மா பறக்கலாம், நானும் போய் ஒட்டிக்கிட்டேன். கண்ணாடில பாத்துட்டாரு. மெல்ல ஓரங்கட்டி நின்னு, "பைக் பிரேக் போட்டா நிக்கற தூரத்துல உன் சைக்கிள் நிக்குமாடா? என் முதுகைத் தவிர உனக்கு ரோட்டுல ஏதாச்சும் தெரியுதா? இது ரேஸா, நோய்ல கெடக்கறவங்களுக்குக் காசு சேக்க வந்தியா?"ன்னாரு. அந்த சீசன் முழுக்க அவருகிட்ட நான் பேசல. வீம்புதான்.

அடுத்த சீசன், மழை. ரோடு ஒரு ரயில் தண்டவாளத்தை சாய்வா வெட்டுற எடம். அவரு அங்க வண்டிய நிறுத்திட்டு நேரா போ நேரா போன்னு கைய ஆட்டிக்கிட்டு நிக்கறாரு. அதாவது தண்டவாளத்தைச் செங்குத்தா தாண்டணும், சாய்வா போனா ஒல்லி டயர் இடுக்குல எறங்கிடும், ஈர இரும்பு வேற. எனக்குத் தெரியாததா. போனேன், விழுந்தேன், காலர்போன் போச்சு.

மொதல்ல பைக்கைக் கொண்டாந்து எனக்குப் பின்னாடி குறுக்க நிறுத்தி ஹசார்டு போட்டாரு, அப்புறம்தான் என்கிட்ட வந்தாரு. எந்திரிக்கப் பாத்தேன், விடல. ஹெல்மெட்டையும் கழட்ட விடல. ஜாக்கெட்டைக் கழட்டிப் போத்திவிட்டு, இன்னிக்கு என்ன கிழமை, எங்க இருந்து கிளம்புனோம், உன் சைக்கிள் என்ன கலருன்னு கேட்டாரு. அஞ்சு நிமிஷம் கழிச்சு அதே மூணு கேள்வி. மறுபடியும். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஏழெட்டு தடவ கேட்டிருப்பாரு, பாவம் மனுஷனுக்கு மறதி போலன்னு நினைச்சேன். தலைல அடிபட்டு உள்ள ஏதாச்சும் ஆகுதான்னு என் பதில வெச்சுப் பாத்துட்டு இருந்திருக்காருன்னு ஆஸ்பத்திரில டாக்டர் அதே மாதிரி கேட்டப்பதான் புரிஞ்சுச்சு. மழைல பனியனோட நனைஞ்சுக்கிட்டே நின்னாரு. போன வருஷம் நடந்த பழைய சண்டைய ஒரு வார்த்தை எடுக்கல. நான் சாரி சொல்லவும் இல்ல. சொல்லியிருக்கலாம்.

*

செயின் அறுந்து நின்னேன். எத்தனை ஸ்பீடுன்னு, அதாவது பின் வீல்ல எத்தனை கியர்னு மட்டும் கேட்டாரு. பத்துன்னேன். சின்ன சின்ன டப்பா, மேல 9, 10, 11னு எழுதி ஒட்டியிருக்கு, பத்துல இருந்து ஒரு குயிக் லிங்க் (அறுந்த செயினைச் சேக்கற கண்ணி) எடுத்து மாட்டிவிட்டாரு, நாலு நிமிஷம். அன்னிக்கே பஞ்சரும் ஆச்சு (ராசி அப்படி). டயர் உள்பக்கம் துணிய வெச்சுத் தடவி ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்துக் காட்டுனாரு, இத எடுக்காம புது ட்யூப் போட்டா அடுத்த கிலோமீட்டர்லயே மறுபடி நிப்பேன்னு. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்ல காத்து அடிச்சுக் குடுத்துட்டு, "இது ரப்பர்ல சீக்கிரம் கசிஞ்சு போயிடும், ராத்திரியே எறக்கிட்டு பம்புல அடிச்சுக்கோ"ன்னாரு. அடிக்கல. காலைல டயர் சப்பை.

*

வெயில் நாள்ல நான் வெறும் தண்ணியா குடிச்சுத் தள்ளிட்டு தலைவலி வாந்தின்னு உக்காந்துட்டேன். பக்கத்துல இருந்தவங்க இன்னும் தண்ணி குடுக்க வர்றாங்க, இவரு தடுத்துட்டாரு. என் கையப் புடிச்சு மோதிரத்தை அசைச்சுப் பாத்தாரு, விரல் வீங்கி மோதிரம் இறுகிப் போயிருக்கு. தண்ணி கம்மியானதால வந்தது மாதிரி தெரியல, உப்பு எறங்கியிருக்கும்னு சொல்லி நேரா டாக்டர் வண்டிக்கு அனுப்புனாரு. பிளட் டெஸ்ட்ல சோடியம் கம்மின்னுதான் வந்துச்சு. எனக்கு அப்ப செம கோவம், தண்ணி கேட்டா தர மாட்டேங்கறானேன்னு.

*

அவரோட மினி பம்பு என்கிட்டதான் இருக்கு. ரெண்டு வருஷமாச்சு. யாருகிட்ட குடுக்கணும்?

*

திரும்ப நான்தான். பம்பு விஷயம் நீங்களே சொன்னது நல்லதாப் போச்சு, ஏன்னா அவரு பொண்ணு ஒரு பாக்கெட் நோட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கு. யாருக்கு என்ன குடுத்தாருன்னு அதுல குறிச்சு வெச்சிருக்காரு. பேரு ஒன்னுகூட இல்ல. "மஞ்ச ஹெல்மெட்டு, டயர் லீவர் 2", "முட்டி வலி பொண்ணு, ஆலன் கீ 5", "வால்வு அடாப்டர், தாடி", இப்படியே பதினாலு வரி. நம்ம பேரு அவருக்கும் தெரியல பாருங்க. உங்களுதுன்னு தோணறத எடுத்துட்டு வாங்க, அவரோட சாமான் டப்பாவை அப்படியே நிரப்பி அடுத்த மார்ஷல் வண்டில வெக்கறதுன்னு வீட்லயும் சரின்னுட்டாங்க.

ஞாபக ரைடு பத்தி நெறைய பேர் கேட்டீங்க. 2003ல அமெரிக்கால டல்லாஸ்ல ஆரம்பிச்சாங்களே ரைடு ஆஃப் சைலன்ஸ், ரோட்டுல செத்துப்போன சைக்கிள்காரங்களுக்காக யாரும் பேசாம மெதுவா ஓட்டறது, அந்த மாதிரி பண்ணலாம்னு ஒரு யோசனை. வேகம் மணிக்கு பன்னெண்டு மைலுக்கு மேல போகக் கூடாது, அதாவது சுமார் பத்தொம்போது கிலோமீட்டர். ஸ்பீடு பைத்தியங்களும் பின்னாடி வரலாம், இடம் இருக்கு.

முன்னாடி போறதுக்கு அஞ்சு பைக் பேர் குடுத்துட்டாங்க. கடைசில வர்றதுக்கு இன்னும் ஆளு இல்ல. யாராச்சும் வர்றதா இருந்தா சொல்லுங்க, கிளட்ச் பிளேட் போகும், இப்பவே சொல்லிட்டேன்.