இரண்டு சில்லும் ரிஸ்க்-ஃபைவ் (RISC-V என்ற கட்டளைத் தொகுப்பு) தானே, ஒரே லைப்ரரி ஏன் ஒட்ட மறுக்கிறது?

மன்னார்குடி_வரப்பு:
குறுவைக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட, வயல் குழாயில் நீர்மட்டம் அளக்கும் கருவி இது. மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கினால் மோட்டார் ஓட வேண்டும். இரண்டு மைக்ரோகன்ட்ரோலர் சில்லுகள்: வரப்பில் சிஎச்32வி003 (சுருக்கமாக 003), மோட்டார் கொட்டகையில் ஈஎஸ்பி32-சி3 (சி3). மட்டக் கணக்கும் சிஆர்சியும் (தரவுப் பிழையைச் சோதிக்கும் கணக்கு) உள்ள லைப்ரரியை சி3-க்கு கம்பைல் செய்து, அதையே 003-லும் சேர்த்தேன். ஆர்விஇ-யை (ரிஸ்க்-ஃபைவின் சிறிய வகை) வேறு வகையோடு இணைக்க முடியாது என்று, கம்பைல் ஆன கோப்புகளை ஒன்றுசேர்க்கும் லிங்கர் நின்றுவிடுகிறது. ஏன்?

தஞ்சை_சில்லு:
லிங்கர் தடுத்தது நல்லதுதான் தம்பி. சி3 என்பது ஆர்வி32ஐஎம்சி. 32 ரெஜிஸ்டர் (சில்லுக்குள் எண்களை வைக்கும் இடம்), பெருக்கல் கட்டளை உண்டு. 003 என்பது ஆர்வி32இசி. 16 ரெஜிஸ்டர்தான், பெருக்கல் கிடையாது. அழைப்பு முறையும் வேறு: சி3-ல் ரெஜிஸ்டரில் 8 ஆர்குமென்ட் போகும், 003-ல் 6.

லைப்ரரியை சோர்ஸாகவே வைத்து இரண்டு முறை பில்ட் செய்யுங்கள். 003-க்கு மார்ச் (-march, கட்டளை வகை) ஆர்வி32இசி, எம்ஏபிஐ (-mabi, அழைப்பு முறை) ஐஎல்பி32இ. சி3-க்கு ஆர்வி32ஐஎம்சி, ஐஎல்பி32. புது ஜிசிசி கம்பைலர், சிஎஸ்ஆர் (சில்லின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்) கட்டளைகளில் முரண்டு பிடித்தால், மார்ச்சின் கடைசியில் அடிக்கோடு போட்டு ஸிசிஎஸ்ஆர் சேருங்கள். 2019 ரிஸ்க்-ஃபைவ் வரையறையில் அது ஐ என்ற அடிப்படைத் தொகுப்பிலிருந்து தனியாகப் பிரிந்துவிட்டது.

மட்டத்தை ஃப்ளோட்டில் (தசம எண்) வைக்காதீர்கள், மி.மீ. முழு எண்ணே போதும். 003-ன் 16 கேபி ஃப்ளாஷில் சாஃப்ட் ஃப்ளோட் (மென்பொருளில் செய்யும் தசமக் கணக்கு) நிறைய இடம் பிடிக்கும். 003-ன் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) 10 பிட், சி3-ல் 12 பிட். அந்த பிட் அளவைக் கணக்குக்குள் நேரடியாக எழுதிவிடாதீர்கள்.

குடந்தை_ஃபர்ம்வேர்:
இன்டரப்டில்தான் (ஓடும் வேலையை இடையில் நிறுத்தி வேறொன்றைக் கவனிப்பது) பெரிய வலி, அதை லிங்கர் சொல்லாது. 003-ல் இருப்பது பிஎஃப்ஐசி என்ற, தயாரிப்பாளரின் சொந்த இன்டரப்ட் ஏற்பாடு. ரெஜிஸ்டர்களை ஹார்ட்வேரே சேமிக்கும் வசதிக்கு, தயாரிப்பாளரின் ஜிசிசியில் தனி அட்ரிபியூட் (ஃபங்ஷனோடு எழுதும் குறிப்பு) உண்டு. பொது ஜிசிசிக்கு அது தெரியாது. பொது ஜிசிசி என்றால் அந்த வசதியை அணைத்துவிட்டு, சாதாரண இன்டரப்ட் அட்ரிபியூட் போடுங்கள். கலந்தால் திரும்பி வரும்போது ரெஜிஸ்டர்கள் கெடும்.

மன்னார்குடி_வரப்பு:
நன்றி. ஆர்விஏ23 என்ற ரிஸ்க்-ஃபைவ் தரம் வந்த பிறகும் இப்படித்தானா சார்?

தஞ்சை_சில்லு:
அது 2024 அக்டோபரில் உறுதியான ப்ரொஃபைல் (கட்டாயமான கட்டளைகளின் பட்டியல்). லினக்ஸ் ஓடும் 64 பிட் சில்லுகளுக்கானது, வெக்டரை (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடுவது) அதில் கட்டாயமாக்கினார்கள். உங்கள் இரண்டுக்கும் பொருந்தாது. இன்னொன்று: ஐஎம்ஏசி-க்கு (அட்டாமிக் கட்டளைகளும் சேர்ந்த வகை) பில்ட் ஆன கோப்பை சி3-ல் சேர்த்தால் லிங்கர் தடுக்காது. அட்டாமிக் கட்டளை வரும்போதுதான் எம்காஸ் 2 (தெரியாத கட்டளை என்ற பிழை எண்) காட்டி விழும். வெளியிலிருந்து எடுக்கும் கோப்பை முதலில் ரீட்எல்ஃப் என்ற கருவியில் போட்டு, ஆர்க் (கட்டளை வகை) வரியைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.