ஃபயர்மேன் வேலைக்கு டிப்ளமோ கட்டாயமா? தம்பிக்காகக் கேட்கிறேன்

தேன்மொழி_ஆரணி:
தம்பி இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிருக்கான், பயாலஜி-மேத்ஸ் குரூப். சின்ன வயசுல இருந்தே தீயணைப்புத் துறைதான் ஆசை. ஒரு தனியார் கல்லூரியில் ஒரு வருட ஃபயர் அண்ட் சேப்டி டிப்ளமோவுக்கு 75,000 ரூபாய் கேட்கிறார்கள். முடித்தால் அரசு வேலை உறுதியாம். அப்பா நகையை அடகு வைக்கலாம் என்கிறார். சேர்க்கலாமா?

ஏணி_மாமா (துறையில் இருந்து ஓய்வு):
நகை பெட்டியிலேயே இருக்கட்டும்மா. அரசு வேலை உறுதி என்று எந்தக் கல்லூரியும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் தீயணைப்பாளரை எடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வாணையம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலரோடு சேர்த்து ஒரே தேர்வு. பத்தாம் வகுப்பு போதும். எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுக்கு 6. டிப்ளமோவுக்கு இதில் ஒரு மார்க்காவது இருக்கிறதா? தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் எழுத்துத் தேர்வுத் தாளையே திருத்த மாட்டார்கள். உயரம் 170 செ.மீ. இருக்கிறானா என்று முதலில் அளந்து பாருங்கள். தொழிலைத் துறையே கற்றுத் தரும்.

நாக்பூர்_பிரபு (ரசாயன ஆலையில் தீப் பாதுகாப்புப் பொறியாளர்):
அந்த டிப்ளமோ வேண்டாம் என்பது சரி. ஆனால் ‘துறையே கற்றுத் தரும்’ என்பதோடு முடித்துவிடாதீர்கள் மாமா. இன்று எரிவது பழைய கூரை வீடும் வைக்கோல் போரும் மட்டும் இல்லை. லித்தியம் பேட்டரி எரிகிறது. கண்ணாடி போர்த்திய அடுக்குமாடி எரிகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டராக விரியும். மூடிய அறைக்குள் தவறான இடத்தில் பீய்ச்சினால் அந்த ஆவி பிராஞ்ச் (ஹோஸ் முனையில் இருக்கும் பீய்ச்சுக் குழல்) பிடித்திருப்பவனையே வேகவைத்துவிடும். இதைக் காரணத்தோடு புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டும். உள்துறை அமைச்சகத்தின் கீழ் நாக்பூரில் தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது, 1956-ல் தொடங்கியது. ஃபயர் இன்ஜினியரிங் பட்டப்படிப்பே உண்டு. கொச்சி பல்கலைக்கழகத்திலும் சேப்டி அண்ட் ஃபயர் பி.டெக். இருக்கிறது.

ஏணி_மாமா:
படித்தவர்கள் வரட்டும் தம்பி, அதிகாரிகளாக வரட்டும். ஹோஸைத் தோளில் போட்டு மாடி ஏறுகிறவனுக்குப் பட்டம் எதற்கு? பட்டம் கேட்டால் விவசாயி வீட்டுப் பிள்ளை இந்த வேலைக்கு வரவே முடியாது. இன்றைக்கு வண்டியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

நாக்பூர்_பிரபு:
புகைக்குள் போகும்போது மாட்டும் மூச்சுக்கருவியையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். 6.8 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம். உள்ளே சுமார் 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்குப் போட்டால் 50 நிமிடம். சுமையோடு படி ஏறுகிறவன் 60 லிட்டருக்கு மேல் இழுப்பான், சுமார் அரை மணி நேரம்தான் தாங்கும். காற்று குறைந்ததும் கருவி விசில் அடிக்கும், அதன்பின் இருக்கும் காற்று திரும்பி வருவதற்கு மட்டும்தான். இந்தக் கணக்கு தெரியாதவனை உள்ளே அனுப்பலாமா?

ஏணி_மாமா:
கணக்கு சரி. அதைப் பத்தாவது படித்தவனுக்கு ஒரு மதியத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். முகமூடி மாட்டி, கண் தெரியாத புகையில் முட்டி போட்டுப் போகும்போது நெஞ்சு படபடக்கும் பாருங்கள், அதை எந்த வகுப்பறை அடக்கும்? படபடத்தால் உங்கள் 60 லிட்டர் 90 ஆகிவிடும். புறங்கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே நகர்வது, ஹோஸ் இணைப்பைத் தடவிப் பார்த்து வெளியே போகும் திசையைக் கண்டுபிடிப்பது, இதெல்லாம் டிரில்லில் திரும்பத் திரும்பச் செய்து உடம்பில் ஊறியிருக்க வேண்டும். எனக்குக் கற்றுக் கொடுத்தவர் எட்டாவதுதான். அவர் கூட்டிப் போன யாரையும் உள்ளே விட்டுவிட்டு வந்ததில்லை.

நாக்பூர்_பிரபு:
அவர் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் 2020 தீபாவளியன்று மதுரையில் துணிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள் கட்டடம் இடிந்து இறந்தார்கள். எரிகிற பழைய கட்டடம் எப்போது சரியும், எங்கே நிற்கக் கூடாது என்பது தனிப் பாடம்.

ஏணி_மாமா:
அந்தப் பிள்ளைகளை இதில் இழுக்காதீர்கள். தீபாவளியன்று வீட்டை விட்டுவிட்டு வந்து நின்றவர்கள்.

நாக்பூர்_பிரபு:
அவர்களைக் குறை சொல்லவே இல்லை மாமா. அடுத்து போகிறவன் திரும்பி வர வேண்டும் என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன். பட்டம் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். வேலையில் சேர்ந்த பிறகு சில வருஷத்துக்கு ஒரு முறையாவது எல்லாரையும் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். சேர்ந்தபோது எடுத்த பயிற்சி ஓய்வு வரைக்கும் போதாது.

ஏணி_மாமா:
இதற்கு நான் எதிரி இல்லை. அந்த வகுப்பைப் புகை தின்ற ஒருவர் கூட இருந்து நடத்த வேண்டும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தம்மாம்_செல்வம்:
டிப்ளமோவை அடியோடு தள்ளாதீர்கள். அந்தச் சான்றிதழோடுதான் சவூதி வந்தேன். வெல்டிங் நடக்கும் இடத்தில் தீக் கண்காணிப்பு வேலை, வீடு நடக்கிறது. ஆனால் இது தீயணைப்பாளர் வேலை இல்லை. தம்பிக்கு எது வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தேன்மொழி_ஆரணி:
அவனிடம் கேட்டுவிட்டேன். வண்டியில் போகிற வேலைதான் வேண்டுமாம். உயரம் 173. தேர்வு அறிவிப்பு வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே, என்ன செய்யலாம்?

நாக்பூர்_பிரபு:
சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை) தீயணைப்புக் கான்ஸ்டபிளுக்குப் பிளஸ் டூவில் அறிவியல் படித்திருக்க வேண்டும், இவனுக்கு இருக்கிறது. 5 கி.மீ.யை 24 நிமிடத்தில் ஓட வேண்டும். விமான நிலையத் தீயணைப்புப் பணிக்கு மூன்று வருட மெக்கானிக்கல் டிப்ளமோ செல்லும், பிளஸ் டூவும் செல்லும். அதற்கு ஓட்டுநர் உரிமம் வேண்டும், வயது வந்ததும் எடுக்கச் சொல்லுங்கள்.

ஏணி_மாமா:
தினமும் 1,500 மீட்டர் ஓடட்டும், 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதிகம் பேர் கோட்டை விடுவது கயிறு ஏறுவதில். ஓட்டத்தைச் சில வாரங்களில் தேற்றலாம், கைப்பிடி வர மாதங்கள் ஆகும். இன்றைக்கே ஒரு புல்-அப் கம்பியில் தொங்க ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.