தம்பிக்கு ஸ்டெம் செல் கொடுத்தால் கடலுக்குப் போக முடியுமா?

பாம்பன்காரன்:
தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல் என்னுடையதுதான் பொருந்துகிறதாம். "எலும்பை உருவிட்டா வலை எப்படிடா இழுப்ப" என்று அம்மா அழுகிறாள். கொடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தொண்டி நண்டுவலை:
அண்ணே, அக்காவுக்குக் கொடுத்தவன் நான். எலும்பையெல்லாம் யாரும் உருவவில்லை. செல் ரத்தத்துக்கு வர ஐந்து நாள் ஊசி. இடுப்பெலும்பு குடையும், நாள் முழுக்க வலை இழுத்த மறுநாள் மாதிரி. அப்புறம் ஒரு கையில் ரத்தம் எடுத்து, எந்திரத்தில் செல்லைப் பிரித்து, மீதி ரத்தத்தை மறு கையில் எனக்கே ஏற்றினார்கள். நாலு மணி நேரம். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது, அதுதான் பெரிய வேதனை! இரண்டு வாரத்தில் படகேறிவிட்டேன். உங்கள் டாக்டரிடமும் கேளுங்கள். அக்காவுக்கு இப்போது என் ரத்த வகை.

கீழக்கரை லேப்:
இந்த வழியைப் போட்டவர் அமெரிக்க டாக்டர் டொனால் தாமஸ். 1957-இல் ஆறு பேருக்கு, இந்தச் செல் இருக்கும் எலும்பு மஜ்ஜையை ஏற்றினார். ஒருவரும் நூறு நாள் தாண்டவில்லை. பலர் கைவிட்டார்கள். இவர் நாய்களிடம் சோதித்து, பொருத்தம் பார்க்கும் முறையைத் தேற்றி, மறுபடி மனிதர்களிடம் வந்தார். 1990-இல் நோபல். வேலூரில் 1986-லேயே தொடங்கிவிட்டார்கள்.

பாம்பன்காரன்:
மூக்கு அரித்த கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள். சனிக்கிழமை கிளம்புகிறோம்.