புதுப்பிப்பு: ஆற்றல் முறைகள் தம்பிக்குப் பிடிபட்டுவிட்டன

உடற்கல்வித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி, உடலின் மூன்று ஆற்றல் முறைகளையும் மாற்றி மாற்றி எழுதுகிறான், எப்படிப் புரியவைப்பது என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். அட்டவணை போட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை. நேற்று விடியலில் தங்கச்சிமடம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். மணலில் பதிந்து கிடந்த வத்தையை (நாட்டுப் படகு) நாலு பேர் தோள் கொடுத்து, மூச்சைப் பிடித்து ஒரே தள்ளு. "அக்கா, இது ஏடிபி-பிசி! தசையில் ஏற்கெனவே இருக்கும் ஆற்றலை உடனே எடுக்கிற முறை, பத்து விநாடிதான் தாங்கும்" என்றான் அவனே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நிமிடம் மணலில் முழு வேகத்தில் ஓடவிட்டேன்; தொடை எரிந்தது, ஆக்சிஜனை நம்பாமல் சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் கிளைக்காலிசிஸ் புரிந்தது. மணிக்கணக்கில் கரைவலை இழுப்பது ஆக்சிஜன் முறை. இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் இரத்தக் கணக்குதான் பாக்கி: நிமிடத்துக்கு 70 துடிப்பு, துடிப்புக்கு 70 மில்லி, ஆக 4,900 மில்லி. இன்றிரவு அதுதான்.