ஃபிரெஞ்சில் லு, லா எப்போதுதான் மனதில் நிற்கும்?

கடலோரம்:
ஃபிரெஞ்சு படிக்க ஆரம்பித்து மூன்று வருடம், பி1 (இடைநிலை) தேர்வும் முடித்துவிட்டேன். வினைச்சொற்கள் ஓரளவு கைவசம் வந்தாயிற்று, ஆண்பால் பெண்பால் மட்டும் தினமும் தப்புகிறது. ஆண்பால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் லு, பெண்பாலுக்கு லா வர வேண்டும். நமக்கு மேசையும் புத்தகமும் அஃறிணை, அதோடு முடிந்தது. அங்கே மேசை பெண்பால் (லா தாப்ல்), புத்தகம் ஆண்பால் (லு லீவ்ர்). வாயைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் லுதான் வருகிறது. உங்களுக்கு எப்போது சரியானது?

பழைய வாத்தியார்:
லுவையே பிடித்துக்கொள்வது பெரும்பாலானவர்கள் கடந்து வரும் கட்டம்தான், கவலைப்படாதீர்கள். என் வகுப்பில் முதலில் லு, லா தேறும், அன், யூன் ('ஒரு' என்பதன் ஆண்பால், பெண்பால் வடிவங்கள்) கொஞ்சம் பின்னால், பெயரடை கடைசியில். 'யூன் மெஸோன்' (ஒரு வீடு) என்று சரியாகத் தொடங்கியவரே அதே மூச்சில் வெள்ளை என்பதன் பெண்பால் வடிவமான 'பிளான்ஷ்' என்பதற்குப் பதில் ஆண்பால் வடிவமான 'பிளான்' என்று முடிப்பார். உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள்தான் ரொம்பப் படுத்தும், ஏனென்றால் அங்கே லு, லா இரண்டுமே வெறும் 'ல்' ஆகிவிடும், பன்மையிலோ எல்லாமே 'லே', காதுக்குத் துப்பே கிடைக்காது. அவற்றை 'யூன் எக்கோல்' (ஒரு பள்ளி), 'அன் ஆர்ப்ர்' (ஒரு மரம்) என்று சேர்த்தே படியுங்கள்.

மொந்த்ரியால் அம்மா:
என் மகள் இங்கே இம்மெர்ஷன் பள்ளியில் (பாடங்களை ஃபிரெஞ்சிலேயே நடத்தும் பள்ளி) படிக்கிறாள். சரளமாகப் பேசுவாள், ஆனால் பால் தப்பும். தப்பினாலும் அர்த்தம் புரிந்துவிடுவதால் யாரும் நிறுத்தித் திருத்துவதில்லை, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இங்கே மெக்கில் பல்கலைக்கழகத்தின் மொழிக் கல்வி ஆய்வாளர் ராய் லிஸ்டர் சிறுவர் அகராதி ஒன்றிலிருந்து கிட்டத்தட்ட 10,000 பெயர்ச்சொற்களை அலசி, சுமார் 80 சதவீதத்துக்குச் சொல்லின் முடிவை வைத்தே பாலை ஊகிக்கலாம் என்று 2006-இல் எழுதினார். 'சியோன்' என்று முடிந்தால் பெண்பால், 'மான்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால். 'ஆஜ்' முடிவும் ஆண்பால்தான், ஆனால் பிளாஜ் (கடற்கரை), இமாஜ் (படம்), பாஜ் (பக்கம்) மூன்றும் பெண்பால், இப்படிச் சிலதைத் தனியாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். ஃபிரெஞ்சுக் குழந்தைகளும் முன்பின் கேட்காத சொல்லுக்குக் கடைசி ஓசையை வைத்துத்தான் பால் சொல்கிறார்கள். இன்னொன்று, அவள் தப்பாகச் சொன்னால் நான் விடையைச் சொல்வதில்லை, "லுவா, லாவா?" என்று மட்டும் கேட்பேன். அவளே யோசித்துத் திருத்திய சொல் மறுபடி தப்புவது குறைவு.

கடலோரம்:
ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. என் நோட்டில் 'தாப்ல்' என்று மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறேன், மூன்று வருடமாக எல்லாச் சொற்களும் அப்படியே. இன்றைக்கு முதல் பக்கத்திலிருந்து அன், யூன் சேர்த்துத் திரும்ப எழுதப்போகிறேன். சார், 'ஓ' என்று முடிபவை எல்லாம் ஆண்பால்தானே?

பழைய வாத்தியார்:
பூரோ (அலுவலகம்), பத்தோ (படகு) எல்லாம் ஆண்பால். ஆனால் தண்ணீரும் (ஓ) தோலும் (போ) பெண்பால்.