பற்பாசி: பல்லில் படரும் 'பிளேக்'குக்கு என் பரிந்துரை

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

பல் நலத் துண்டறிக்கைக்காக, பல்லில் ஒட்டிப் படரும் 'பிளேக்'குக்கும் அது இறுகிக் கல்லாகும் 'கால்குலஸு'க்கும் போன வாரம் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். இத்தனை பேர் யோசித்து எழுதியிருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. எல்லா மடல்களையும் இரண்டு முறை படித்தேன். இருபது ஆண்டுகளாக ஒரு சிறிய ஊரில் பல் மருத்துவம் பார்க்கிறவள் என்ற முறையில் என் முடிவை எழுதுகிறேன். மறுப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

> 'பிளேக்' என்றே எழுதிவிடலாமே, மருத்துவர்கள் அப்படித்தானே சொல்கிறார்கள்?

தம்பி, நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் தமிழ் எழுத்தில் 'பிளேக்' என்றால் எலி வழியாகப் பரவிய கொள்ளைநோய். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து, வேறு ஒலி. நம் எழுத்துக்கு வரும்போது ஒன்றாகிவிடுகின்றன. 'பிளாக்' என்று மாற்றினால் இதயக்குழாய் அடைப்பு நினைவுக்கு வருகிறது. ஒரு பள்ளி முகாமில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "வரலாற்றுப் புத்தகத்தில் வருகிற நோயா டாக்டர்?" என்று முகம் வெளிறிக் கேட்டான். அன்றைக்கே அந்தச் சொல்லைக் கைவிட்டேன்.

சொல்லைத் தேடும் முன் பொருளைச் சரியாகப் பார்த்துக்கொள்வோம். பல் துலக்கி வாய் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின் மேல் ஒரு மெல்லிய தோலாகப் படிகின்றன. அடுத்த சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் அதில் வந்து ஒட்டிப் பெருகத் தொடங்குகின்றன. நாம் சாப்பிடும் சர்க்கரையிலிருந்து சில வகைகள் பசை போன்ற ஒன்றைச் செய்துகொள்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா அதில் பேர்போனது. அந்தப் பசைக்குள் கூட்டமாகக் குடியிருந்துகொண்டு, சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியேற்றுகின்றன. பல்லை ஒட்டிய இடத்தில் பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் அளவு) 5.5க்குக் கீழே போனால், பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலிலிருந்து தாது கரைய ஆரம்பிக்கிறது. சொத்தை அங்கேதான் தொடங்குகிறது.

ஆக இது ஒரு தூசியோ சோற்றுத் துணுக்கோ இல்லை. உயிருள்ளது, வளர்வது. 1683இல் டச்சுக்காரரான லேவன்ஹூக் தன் பல்லிடுக்கிலிருந்து, கரைத்த மாவுபோல் இருந்த வெள்ளைப் பொருளைச் சுரண்டித் தன் உருப்பெருக்கியில் பார்த்தார். உள்ளே சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளி ஓடுவதாக லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு எழுதினார். அவர் தினமும் உப்பு வைத்துப் பல் தேய்த்து, துணியால் துடைக்கும் பழக்கம் உள்ளவர் என்பதை நான் நோயாளிகளிடம் விடாமல் சொல்வேன். அத்தனை சுத்தமான வாயிலும் அது இருந்தது.

இதனால்தான் 'பல் அழுக்கு' என்ற பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா ஒருவர் 'ஊத்தை' என்று எழுதியிருந்தார்கள். நல்ல பழைய சொல், 'ஊத்தைப் பல்' எங்கள் பக்கமும் உண்டு. ஆனால் அது வசைச்சொல்லாகவே புழங்கிவிட்டது. உங்கள் பல்லில் ஊத்தை இருக்கிறது என்று சொன்னால் எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொள்வார், அடுத்த முறை வரமாட்டார். இது எல்லோர் வாயிலும் தினமும் வருவது, என் வாயிலும் வருவது. அவமானம் சேர்ந்த சொல்லை இதற்கு வைக்கக் கூடாது.

'கறை'யும் வேண்டாம். வெற்றிலை, டீ, புகையிலை இவற்றால் நிறம் ஏறுவதுதான் கறை. நாம் பேசுகிற பொருளோ பல்லின் நிறத்திலேயே இருக்கும், பார்த்தால் தெரியாது. கறை போகவேண்டும் என்று நறநறவென்ற பொடியைப் போட்டுத் தேய்த்துப் பல்லைத் தேய்மானம் ஆக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் அவர்களுக்குத் தப்பான வழி காட்டியதாகிவிடும். 'பற்பிசின்' பசையை மட்டும் சொல்கிறது, அதில் குடியிருப்பதைச் சொல்லவில்லை. 'பற்படலம்' தவறில்லை, பாடநூலுக்குச் சரி. ஆனால் படலம் சும்மா கிடப்பது. அதைக் கேட்டதும் யாருக்கும் கை பிரஷ்ஷை நோக்கிப் போகாது.

நான் முன்வைக்கும் சொல் பற்பாசி.

கிணற்றுப் படியில், தொட்டிச் சுவரில், துவைக்கிற கல்லில் பாசி பிடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஈரம் இருக்கும் இடத்தில் வரும், வழுவழுவென்று இருக்கும், தேங்காய் நாரால் தேய்த்தால் போகும், விட்டால் திரும்ப வரும். முரட்டுத்தனமாகச் சுரண்ட வேண்டியதில்லை, ஆனால் ஒரு மூலை விடாமல் தேய்க்க வேண்டும். பல் துலக்குவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். "வழவழன்னு இருக்கு" என்பார்கள். "பாசி பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

இந்தக் குணம் நம் மொழிக்குப் புதிதும் இல்லை. ஊருணித் துறையில் பாசி, தொடும்போதெல்லாம் விலகி விடும்போதெல்லாம் பரவுகிறது, காதலன் பிரிவால் மேனியில் படரும் என் பசலை நிறமும் அப்படித்தான் என்கிறாள் குறுந்தொகை 399இல் ஒரு பெண். பரணர் பாட்டு. பல்லின் மேல் நடப்பதும் அதேதான்.

> பாசி என்பது தாவரவியலில் ஆல்கா. பாக்டீரியாக் கூட்டத்தைப் பாசி என்பது அறிவியல் பிழை.

பேராசிரியர் ஐயாவின் இந்த மறுப்பு முக்கியமானது, இரண்டு நாள் என்னை யோசிக்க வைத்தது. ஆனால் ஐயா, நம் பள்ளிப் புத்தகங்களில் உள்ள நீலப்பச்சைப் பாசி பாக்டீரியாதானே? செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசி, பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் லைக்கன். தமிழ் 'பாசி' என்று சொல்லும்போது குலம் கோத்திரம் பார்க்கவில்லை. ஈரப் பரப்பில் ஒட்டிப் படரும் உயிர்ப் படிவு என்கிற தன்மையைப் பார்க்கிறது. முன்னால் 'பல்' என்ற சொல் நிற்பதால் குழப்பத்துக்கும் இடமில்லை. ஆய்வுக் கட்டுரையில் பொதுப்பெயராக 'உயிரிப்படலம்' இருக்கட்டும், அதில் பல்லில் வளரும் வகை பற்பாசி என்று எழுதலாம்.

இந்தச் சொல்லில் நம்பிக்கையும் இருக்கிறது. 1965இல் டென்மார்க்கில் ஹரால்டு லோவும் உடனாய்வாளர்களும் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆனதில் ஈறு பழையபடி ஆனது. பாசியைத் தேய்த்தால் படி சுத்தமாகிவிடும் என்பது போலத்தான்.

சரி, அடுத்த சிக்கலுக்கு வருகிறேன். பாசியைத் தேய்க்காமல் விட்டால் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் ஏறி, சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அது இறுகிப்போகிறது. கீழ் முன்பற்களின் உள்பக்கம் கண்ணாடியில் பாருங்கள், அங்கேதான் எச்சில் சுரப்பி திறக்கிறது, அங்கேதான் முதலில் கட்டும். அதன் பிறகு எந்த பிரஷ்ஷுக்கும் அது அசையாது. டாக்டரிடம் போய் ஸ்கேலிங் (கருவியால் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்துதான் எடுக்க வேண்டும். இந்தக் 'கால்குலஸு'க்குத்தான் ஊரில் காரை என்று பெயர். பற்காரை என்று குழுவிலும் பலர் ஆதரித்திருக்கிறீர்கள். போன வாரம் நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன்.

மனம் மாறியதற்குக் காரணம் ஒரு பாட்டி. சில ஆண்டுகளுக்கு முன் கீழ்வரிசை முழுக்கக் காரை கட்டி வந்தார். சுத்தம் செய்துவிடலாம் என்றேன். "காரையை எடுத்தா பல்லு ஆடிப்போகும் தாயி. செவுத்துல காரை பேந்தா செங்கல் நிக்குமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது நான்கு முன்பற்களையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. இந்தப் பயம் எத்தனையோ பேரிடம் இருக்கிறது. காரை எடுத்தபின் பல்லிடுக்கில் வெளி தெரிவதும், சில நாள் கூச்சம் இருப்பதும் அதை உறுதிப்படுத்திவிடுகின்றன. உண்மையில் அந்தக் காரையும் அதன் மேல் படியும் பாசியும்தான் ஈறைக் கீழே தள்ளி எலும்பைக் கரைத்திருக்கும். ஆனால் காரை என்ற சொல்லே அந்தப் பாட்டியின் பக்கம் நின்று வாதாடுகிறது. காரை சுவரைத் தாங்குவது, அதைப் பெயர்ப்பவர் குற்றவாளி. நான் எவ்வளவு விளக்கியும் அந்தச் சொல்லை ஜெயிக்க முடியவில்லை.

அதனால் 'கல்' என்று முடியும் சொல் வேண்டும். சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல் என்று கேட்டுப் பழகியிருக்கிறோம், கல் என்றால் எடுக்க வேண்டியது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். 'பற்கல்' என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொல்லும்போது 'பற்கள்' என்று காதில் விழுகிறது. "பற்கள் எடுக்க வேண்டும்" என்று கேட்டால் நோயாளி ஓடியே போய்விடுவார்! ஆகவே ஈற்றுக்கல். ஆறு ஆற்றுக்கல் ஆவது போல ஈறு ஈற்றுக்கல். ஈறோரம் கட்டுவது என்று இடத்தையும் சொல்லிவிடுகிறது. ஈறுக்குக் கீழே ஒளிந்திருக்கும் வகைக்கு 'ஈற்றடிக்கல்' சுருக்கமாக இருக்கும், ஆனால் வெண்பா எழுதும் நண்பர்களுக்கு ஈற்றடி என்றால் பாட்டின் கடைசி அடி. 'உள் ஈற்றுக்கல்' என்று வைத்துக்கொள்ளலாமா?

பற்பாசி நின்றால் அதிலிருந்து வேறு சொற்களும் பிறக்கும். பள்ளி முகாமில் பிள்ளைகளுக்குச் சவைக்கக் கொடுப்போமே, துலக்காத இடம் மட்டும் சிவப்பாகத் தெரிய ஒரு மாத்திரை, அதற்கு 'பாசிகாட்டி' பொருத்தமாக இருக்கிறது.

ஈழத்து நண்பர்களிடம் தனியாக ஒரு கேள்வி. உங்கள் பக்கம் ஈறை முரசு என்கிறீர்கள். ஈற்றுக்கல் அங்கே புரியுமா, முரசுக்கல் என்று இன்னொரு வடிவமும் தர வேண்டுமா? வரும் வெள்ளிக்கிழமை துண்டறிக்கை அச்சுக்குப் போகிறது. பற்பாசியில் எனக்கு ஐயம் இல்லை, கல்லில்தான் இன்னும் இருக்கிறது. வியாழன் இரவுக்குள் எழுதினால் மாற்றிக்கொள்ள முடியும்.

அன்புடன்.